அடுத்தவன் தலைமேல் ஒரு வேண்டுதல்

ஆயிரத்து இருநூறு பெட்டி ஆட்டிறைச்சி கிள்ளான் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. மாட்டிவிட்டவர் பரமேஸ்வரன்.

கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கப் பாரம் நிரப்பி, வெளியே எடுத்துக் கொடுக்கிற அலுவலகம் அது. பரமேஸ்வரன் அங்கே இருபத்தாறு வருடமாகப் பாரம் நிரப்புகிறவர். அந்தத் திங்கட்கிழமை காலை, எடை எழுதும் கட்டத்தில் ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டார். இருபத்து நாலாயிரம் கிலோ ஒரே தட்டில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோ ஆகிவிட்டது. ஒரு கண்டெய்னருக்குள் அத்தனை ஆடு எப்படி ஏறியது என்று சுங்க அதிகாரிகளுக்கு நியாயமான சந்தேகம் வந்து, நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு எட்டே நாள்.

“அங்கிள், கஸ்டமர் ஏழாவது தடவ கோல் பண்ணிட்டாரு. திருத்தின பாரம் அனுப்பியாச்சுதானே?” என்றாள் மேனேஜர் உமா. அவளுக்கு முப்பத்து நாலு வயது. நெருக்கடி வந்தால் ஐஸ் கோப்பியாக வாங்கிக் குடிப்பாள். மேசையில் அப்போதே மூன்று காலி டம்ளர்கள் நின்றன.

“அனுப்பியாச்சும்மா. மூணு தடவ அனுப்பிட்டேன்.”

“மூணு தடவயா? ஏன்?”

“ஒண்ணு போகலன்னா இன்னொண்ணு போகட்டுமேன்னு.”

“ஐயோ அங்கிள், மூணும் போயிருந்தா மூணு கண்டெய்னர்னு நெனப்பாங்க லா!”

“நெனச்சிட்டாங்கம்மா. இப்பதான் கூப்பிட்டுக் கேட்டாங்க.”

உமா நாலாவது கோப்பிக்கு ஆள் அனுப்பினாள்.

நெருக்கடி வந்தால் கத்துகிறவர்கள் உண்டு. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் உண்டு. பரமேஸ்வரன் வேண்டிக்கொள்கிறவர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முருகன் கோயில் கோபுரம் தெரியும். அந்தப் பக்கம் திரும்பி, உதட்டை அசைத்துவிடுவார். பிரிண்டர் ஓடியதற்கு ஒன்பது தேங்காய். வைஃபை திரும்பி வந்ததற்கு இருபத்தொரு எலுமிச்சை விளக்கு. காணாமல் போன ஒரு கோப்பு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே கிடைத்ததற்கு ஒரு பால்குடம். செவ்வாய்க்கிழமைகளில் ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குச் செருப்பில்லாமல் நடந்து வருவார். அது எதற்காக என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. நிறுத்தப் பயமாக இருந்ததால் நடந்துகொண்டிருந்தார்.

ஆனால் அன்று அவரிடம் கொடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. சொந்தத் தலைமுடியை ஏற்கெனவே மூன்று தடவை நேர்ந்தாகிவிட்டது. இனி வளரப்போகிற முடிகூட இன்னும் இரண்டு வருடத்துக்கு முருகனுக்குச் சொந்தம். பரிதவித்துப்போய்த் திரும்பினார். எதிர் மேசையில் தியாகராஜன் விசிலடித்துக்கொண்டே, கைக்கண்ணாடியில் பார்த்து, முன்நெற்றி முடிச்சுருளை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“முருகா,” என்றார் பரமேஸ்வரன் மனதுக்குள், “இந்த ஆடு இன்னிக்கு வெளியாயிட்டா, தியாகுவுக்கு மொட்ட போட்டுடறேன்.”

பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளலாம். ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். ஐம்பது வயது சக ஊழியனுக்கு, அவனைக் கேட்காமல் வேண்டிக்கொண்டவர் பரமேஸ்வரன் ஒருவராகத்தான் இருக்கும். அதுவும் ஆட்டிறைச்சி விவகாரம். முனியாண்டி சாமியிடம் போயிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பதற்றத்தில் வாயில் வந்தது முருகன்.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கண்டெய்னர் வெளியே வந்துவிட்டது.

உமா கைதட்டினாள். பரமேஸ்வரனுக்கு வியர்த்தது. நேர்ந்துவிட்ட முடியைக் கொடுக்காமல் வைத்திருந்தால் அது அந்தத் தலைக்கு ஆகாது என்பது சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சங்கதி. வாய் இவருடையது, தலை அவனுடையது.

இப்படி எடுத்ததற்கெல்லாம் சாமியைக் கூப்பிடுகிற ஆளாக அவர் மூன்று மாதத்துக்கு முன்பு வரை இல்லை. அப்போது அவர் மனைவி சந்திரகலா உயிரோடு இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை டெங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு இராஜம்மா, “தம்பி, முருகனுக்கு ஏதாச்சும் வேண்டிக்கோ” என்றாள். “டெங்கிக்கெல்லாம் யாராச்சும் வேண்டிக்குவாங்களாக்கா? தண்ணி ஏத்தினா சரியாயிடும்” என்றார் பரமேஸ்வரன். மறுநாள் அரை நாள் வேலைக்கு வந்தபோது இதை அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம்தான். கேட்டிருக்கலாம். ஒரு தேங்காய், ஒரு விளக்கு, ஒரு மொட்டை. ஒன்றுமே கேட்காமல் அவளை அனுப்பிவிட்டார்.

ஒரே மகள் ஜோகூரில் இருந்தாள். ஆண் பிள்ளை இல்லாததால் அவரே தலையை மழித்துக்கொண்டு கொள்ளி வைத்தார். அந்தச் சாவுக் கூட்டத்தில்தான் தியாகு நின்ற கோலத்தைப் பார்த்தார்.

தியாகு தனிக்கட்டை. கிள்ளானில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் இருப்பவன். பன்னிரண்டு வருடமாக அவனுக்கும் சேர்த்துத்தான் சந்திரகலா சமைத்து அனுப்பினாள். “அந்த ஒத்த ஆளு கடைச் சோத்தத் தின்னு வயித்தக் கெடுத்துக்கும்” என்று தனியாக ஒரு நீல டப்பா. அவன் ஒரு நாள் கூடக் கழுவாமல் டப்பாவைத் திருப்பியதில்லை. அப்படிச் சாப்பிட்டவன், சாவு வீட்டுக்குத் தலைக்கு மை பூசிக்கொண்டு வந்து நின்றான். காதோரம் நரைத்துக் கிடந்த முடி அன்று கன்னங்கரேல் என்று பளபளத்தது. ஒரு முடி கலையவில்லை. அழவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் பேரையே அவன் எடுக்கவில்லை. நீல டப்பாவைக் கேட்டபோது, “எங்கயோ போச்சு லா அண்ணே” என்று விசிலடித்தான்.

துக்கத்துக்குப் பிறகு அவன் அலங்காரம் கூடித்தான் போனது. ஃபேனுக்குக் கீழே உட்காரமாட்டான், தலை கலைந்துவிடுமாம். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தான், ஹெல்மெட் அழுத்துமாம். வெள்ளிக்கிழமை தவறாமல் அரை மணி நேரம் தாமதமாக வருவான். கேட்டால், “சலூன்ல கூட்டம் லா” என்பான். வாராவாரம் சலூன்! பரமேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வரும். முருகனுக்குக் கொடுக்க அந்த முடி நாக்கில் வந்ததற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம் என்பதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

செவ்வாய்க்கிழமை, வெறுங்காலோடு வந்து சேர்ந்ததும், நேராகவே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். மதியம் இருவரும் கடையில் தாப்பாவ் செய்து வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“தியாகு, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்கண்ணே.”

“மொட்ட போட்டுக்கிறியா?”

தியாகுவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“எதுக்கு... எதுக்குண்ணே திடீர்னு? யாரு என்ன சொன்னா உங்ககிட்ட?”

“யாரும் சொல்லல. உடம்புக்கு நல்லதாம். சூடு தணியுமாம்.”

“எனக்குச் சூடெல்லாம் இல்லண்ணே.”

“ஒரே ஒரு தடவ. வளந்துடும் லா.”

“எது வேணா கேளுங்க, செய்யறேன். தலைய மட்டும் விட்டுடுங்க.” சிரிக்கப் பார்த்தான். “இது இல்லன்னா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

பொட்டலத்தைப் பாதியில் மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அவன் போய் நின்ற இடத்தில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தடித்த கோப்பு தொப்பென்று விழுந்தது. அவன் தலைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. மூன்றரை மணிக்கு, அவன் லோரிக்காரரிடம் பேச வெளியே நின்றபோது அவன் காதோரமாக ஒரு மாங்காய் விழுந்தது. ஒரு உயிரை வேண்டிக்கொள்ளாமல் விட்டு இழந்தாயிற்று. இன்னொரு உயிரை வேண்டிக்கொண்டு இழக்கப் போகிறேனா என்று பரமேஸ்வரன் பயந்தார். தியாகு மேல் எத்தனை கோபம் இருந்தாலும், கலாவின் சோற்றை அவரைத் தவிரச் சாப்பிட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் அவன்தான்.

முருகனிடம் சமரசம் பேசிப் பார்த்தார். அவன் தலைக்குப் பதிலாக என் தலை, மூன்றாவது வருடத்து முடி என்றார். அந்த நேரம் பார்த்துத் தியாகுவின் தலைக்கு மேலிருந்த டியூப் லைட் மினுக்கி மினுக்கி அணைந்தது.

புதன்கிழமை காலை தியாகு வந்தபோது அவன் மேசையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. துறைமுகத்துக்குள் போகிறவர்கள் போடுகிற கனத்த ஹெல்மெட்.

“இது என்னாண்ணே?”

“போட்டுக்கோ. சாயங்காலம் வரைக்கும் கழட்டாதே.”

“ஆபீஸ்குள்ளயா?”

“எதுவும் எங்கேருந்தும் விழும் தியாகு. உலகம் முன்ன மாதிரி இல்ல.”

தானே எடுத்து மாட்டிவிடக் கையைத் தூக்கினார். தியாகு நாற்காலியோடு சறுக்கிக்கொண்டு பின்வாங்கினான். இவர் ஹெல்மெட்டோடு முன்னேறினார். மேசையைச் சுற்றி இரண்டு சுற்று ஓடினார்கள். மூன்றாவது சுற்றில் உமா வந்து நின்றாள்.

“அங்கிள்! என்ன நடக்குது இங்க?”

“சேஃப்டிம்மா,” என்றார் பரமேஸ்வரன், மூச்சிரைத்துக்கொண்டே.

உமா கெட்டவள் இல்லை. சந்திரகலா போனதிலிருந்து அவர் செய்த தவறுகளையெல்லாம் தலைமை அலுவலகத்துக்குத் தெரியாமல் அவள்தான் மூடி மறைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வேலை அழுத்தம் என்று நினைத்து, தலைமை அலுவலகம் எப்போதோ ஏற்பாடு செய்து தள்ளிப்போட்டிருந்த ஸ்ட்ரெஸ் பயிற்சியை அன்று மதியத்துக்கே வைத்துவிட்டாள்.

சுபாங் ஜெயாவிலிருந்து விஷ்ணுப்ரியா என்ற பெண் வந்து இறங்கினாள். குரல் முழுக்கத் தேன். அழுத்தத்தை ஒவ்வொருவரும் அவரவர் குணத்துக்கு ஏற்ற மாதிரிதான் தாங்குகிறார்கள், குணம் தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும் என்றாள். ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். ‘வேலை நெருக்கடி அதிகமாகும்போது என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்குப் பரமேஸ்வரன் கூடுதல் தாள் இரண்டு வாங்கி எழுதினார். தியாகு ‘தலை சீவுவேன்’ என்று எழுதினான்.

“பரமேஸ்வரன் அங்கிள் எல்லாத்தையும் தன் தலைமேல தூக்கிப் போட்டுக்கிற டைப்,” என்றாள் விஷ்ணுப்ரியா.

தன் தலையில் இனி இடமில்லை என்று பரமேஸ்வரன் நினைத்தார்.

“தியாகு அங்கிள் நேர் ஆப்போசிட். வாழயில மாதிரி. மேல என்ன ஊத்தினாலும் நிக்காது, வழிஞ்சிடும். இவருக்கு ஸ்ட்ரெஸ்ஸே இல்ல! இவர் கிட்டேருந்து நம்ம எல்லாரும் கத்துக்கணும்.”

எல்லாரும் கைதட்டினார்கள். தியாகு எழுந்து நின்று கும்பிட்டான். பரமேஸ்வரன் கைதட்டவில்லை. உண்மைதான், கலா செத்ததுகூட இவன்மேல் நிற்கவில்லை, வழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

“இப்ப ஒரு சின்ன எக்சர்சைஸ். கவலப்படறவங்களும் கவலப்படாதவங்களும் ஜோடி சேருங்க. ஒருத்தர் கண்ண மூடிக்கணும். இன்னொருத்தர் அவங்க தலைய மெதுவா, அன்பா, பிடிச்சு விடணும்.”

தியாகு சட்டென்று எழுந்தான்.

“எனக்கு வயித்து வலி.”

“உக்காருங்க அங்கிள், ரெண்டே நிமிஷம்,” என்று அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள் விஷ்ணுப்ரியா. “பரமேஸ்வரன் அங்கிள், ஆரம்பிங்க.”

பரமேஸ்வரன் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். அந்தக் கைகளில் ஏதோ வெறி தெரிந்திருக்க வேண்டும். தியாகு குனிந்து, விஷ்ணுப்ரியாவின் கையிடுக்கு வழியாகப் புகுந்து, கதவைத் திறந்துகொண்டு ஓடினான். அவசரத்தில் அவள் கொண்டுவந்த வாசனை விளக்கு கவிழ்ந்து, மேசைமேல் இருந்த ஏழு சுங்கப் பாரங்கள் லாவெண்டர் எண்ணெயில் ஊறின.

விஷ்ணுப்ரியா போகும்போது உமாவிடம் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் உமா பரமேஸ்வரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“அங்கிள், நீங்க தியாகு அங்கிள டார்கெட் பண்றீங்கன்னு எழுதியிருக்காங்க. இன்னும் ஒரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது. ஹெட் ஆபீஸ் உங்கள முன்கூட்டியே ரிட்டையர் ஆகச் சொல்லிடும். வீட்ல தனியா உக்காந்து என்ன அங்கிள் செய்வீங்க?”

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கலாவின் சேலைகள் இன்னும் கொடியில் மடித்துப் போட்டபடி கிடந்தன. அலுவலகம் இருந்ததால்தான் காலையில் எழுந்து குளித்துக்கொண்டிருந்தார்.

அன்று ரயிலில் போகும்போது கோயில் குருக்களுக்குப் போன் போட்டு, பேர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். இப்படி ஒரு வழக்கு குருக்களிடம் இதற்கு முன் வந்ததில்லை.

“அடுத்தவர் தலைய ஏன் சார் வேண்டினீங்க?”

“வாய் தவறிடுச்சு சாமி.”

“சரி, சம்பந்தப்பட்டவர் மொட்ட போட ஒத்துக்கலன்னா பூமுடி குடுக்கலாம். முன்னால இருந்து கொஞ்சம் எடுத்தா போதும். பொம்பளைங்க குடுக்கிற மாதிரி. மனசுதான் சார் முக்கியம்.”

பரமேஸ்வரனுக்கு உயிர் வந்தது. ஒரு பிடி முடி. இவ்வளவுதானா!

வியாழக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் தியாகு வழக்கம்போல மேசைமேல் கையை மடித்து, கன்னத்தை அதன்மேல் வைத்துத் தூங்கினான். சுருள் முடி நெற்றியில் கொத்தாகத் தொங்கியது. பரமேஸ்வரன் சுற்றுமுற்றும் பார்த்தார். செலோடேப் வெட்டுகிற சிவப்புப் பிடிக் கத்தரிக்கோலை எடுத்தார். “முருகா, மன்னிச்சுக்கோ. தியாகு, நீயும்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டு குனிந்தார். கத்தரிக்கோல் முதலில் வழுக்கியது. அழுத்திப் பிடித்து மறுபடி வெட்டினார். கொத்தாகக் கையில் வந்துவிட்டது.

தியாகு கண்ணைத் திறந்தான்.

முகத்துக்கு நேரே கத்தரிக்கோல், அதற்கு மேலே பரமேஸ்வரனின் முகம். தியாகு இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அலறினான். அவன் வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வருடத்தில் அவன் குரல் உயர்ந்து அந்த அலுவலகம் கேட்டதில்லை.

“என்னாண்ணே செஞ்சீங்க? ஐயோ, என்னாண்ணே செஞ்சிட்டீங்க!”

“ஒண்ணுமில்ல தியாகு, கொஞ்சந்தான். இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா இருப்பே.”

“பாத்துட்டீங்களா? பாத்தீங்களா?” என்று கேட்டான் தியாகு. கண்ணில் தண்ணீர் நின்றது.

“எதப் பாக்கணும்?”

தியாகு ஒரு கோப்பை விரித்துத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டான். தலைமுடிக்கு அழுகிறான் பார், கலாவுக்கு ஒரு சொட்டு விடாத கண் என்று பரமேஸ்வரன் நினைத்தார். ஆனாலும் கோபம் வரவில்லை. மடியிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. முடியைக் கைக்குட்டையில் பத்திரமாக முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உமா அழாத குறையாக வந்து நின்றாள்.

“கத்தரிக்கோல் அங்கிள்! தூங்கற ஆளுகிட்ட! நாளையிலருந்து நீங்க வர வேணாம். லீவுல இருங்க. தீபாவளி முடிஞ்சதும் ஹெட் ஆபீஸ்ல பேசுவாங்க.”

“சரிம்மா.”

“சரியா? அவ்வளவுதானா? நேத்து உங்ககிட்ட அவ்வளவு சொன்னேனே!”

“அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதும்மா. எனக்கு அதான்.”

உமா அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு தன்னுடைய ஐஸ் கோப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் அதைக் குடிக்காமலே மேசையை ஒழித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை இல்லாவிட்டாலும் பழக்கத்தில் அதே ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்கு வந்து, கோயிலுக்குப் போனார். தீபாவளி நெருங்கியதால் பூக்கடைகளில் கூட்டம் நெரிந்தது. கோயிலுக்குப் பின்பக்கம், குழாயடியில், முடி இறக்குகிறவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆள். ஒரு குழந்தைக்கு மொட்டையடித்து, சந்தனம் தடவி அனுப்பிவிட்டுக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே, மொட்டையா?”

“எனக்கு இல்லப்பா. இது ஒருத்தரோட பூமுடி. அவரால வர முடியல. இன்னிக்கு எறக்கின முடியோட சேத்துடு. தட்சணை வேணா குடுத்துடறேன்.”

கைக்குட்டையைப் பிரித்தார். அந்த ஆள் முடியை வாங்கி விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சூடம் ஏற்ற வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து, ஒரே ஒரு இழையின் நுனியில் கொளுத்தினார். முடி பொசுங்கும் நாற்றம் வரவில்லை. இழை சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டு நின்றது.

“அண்ணே, இது முடி இல்ல. நைலான். டோப்பாவோடது.”

“இல்லப்பா. நானே என் கையால தலையிலருந்து வெட்டினேன்.”

“நீங்களா?” அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். “அட, இது தியாகு அண்ணனோடதுல்ல? காலையிலதான் வந்துட்டுப் போனாரு. ஆபீஸ்ல யாரோ தெரியாம முன்னால வெட்டிட்டாங்கன்னாரு. பசை வச்சு ஒப்பேத்திக் குடுத்தேன்.”

பரமேஸ்வரன் குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

“அவனுக்குத் தலையில முடி இல்லையா? ஏதாச்சும் வியாதியா?”

“வியாதியா? நல்லாச் சொன்னீங்க. கருகருன்னு இல்லன்னாலும் காடாட்டம் வளருது. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான்தானே மழிச்சு விடறேன். மூணு மாசமா ஒரு வாரம் தப்பல.”

“எதுக்கு?”

“வேண்டுதல்ணே.” அந்த ஆள் கத்தியைத் துணியில் துடைத்தார். “அவரு ஆபீஸ்ல ஒரு அண்ணன் இருக்காராம். அவர் வீட்டுலருந்துதான் பன்னெண்டு வருஷமா இவருக்குச் சோறு. அந்த அக்கா, சந்திரகலான்னு பேரு, காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, அது எந்திரிச்சு வீட்டுக்கு வர்ற வரைக்கும் தலையில முடி வைக்க மாட்டேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டாரு. மொட்டத் தலையப் பாத்தா, ‘நம்ம ஒண்ணும் வேண்டிக்கலையே’ன்னு அந்த அண்ணன் மனசு ஒடிஞ்சு போயிடுவாராம். அதான் மறுநாளே டோப்பா வாங்கி மாட்டிக்கிட்டாரு.”

கோயில் மணி அடித்தது. பரமேஸ்வரன் கையில் அந்தக் கைக்குட்டை விரிந்தபடியே இருந்தது.

அந்த ஆள் கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வாராவாரம் கேக்கணும்னு நெனப்பேன், அவரு மொகத்தப் பாத்தா வாய் வராது. உங்களுக்குத் தெரியுமாண்ணே, அந்த அக்கா இன்னும் எந்திரிக்கலையா?”